தலைமாட்டில் ஒரு வாசகம்: தடியத்தேவர், அருளானந்தர், கடலாயி

இந்த எபிசோடை ஆத்தங்குடியில இருந்து பதிவு பண்றேன். பின்னாடி வண்டிச் சத்தம், கோழிச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒருத்தர் இப்படி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க: "எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல தினமும் காலையில 'இன்றைய வாசகம்' வரும். பைபிள்ல இருந்து ஒரு பகுதி, கீழே ஒரு குட்டி கருத்து. அம்மா அதைப் படிக்காம டீ கூட குடிக்க மாட்டாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ நடந்த கதையில இருந்து, இன்னைக்கு ஆபீஸ் போற எனக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? இல்ல, இது வெறும் பழக்கமா?"

நல்ல கேள்வி. இதுக்கு நான் உபதேசமா பதில் சொல்லப் போறதில்ல, அது என் வேலையும் இல்ல. ஆனா இதே மண்ணுல, 330 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நற்செய்தி வாசகம் ஒரு மனுஷனோட அன்றாட வாழ்க்கைக்குள்ள நுழைஞ்சு அதைத் தலைகீழா மாத்தியிருக்கு. அதுக்கு ஒருத்தர் உயிரையே கொடுத்தார். இன்னொருத்தர் வேற ஒன்னைக் கொடுத்தாங்க, அதைப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்ல. இன்னைக்கு அந்த ரெண்டு பேரைப் பத்தியும் பேசலாம்.

ஆத்தங்குடியில இருந்து ஓரியூர்

ஆத்தங்குடின்னா உங்களுக்கு டைல்ஸ் ஞாபகம் வரும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஞாபகம் வரும். வீக்கெண்ட் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்க நிறைய. அவங்கள்ல ரொம்பச் சிலர்தான் காரைக்குடி தாண்டி, தேவகோட்டை, திருவாடானை வழியா ஓரியூர் வரைக்கும் போறாங்க. ஓரியூர் இப்போ ராமநாதபுரம் மாவட்டம். ஆனா 1690-கள்ல இந்தப் பக்கத்துக்கு 'சிவகங்கைச் சீமை'ங்கிற பேரே கிடையாது. சிவகங்கை தனியா பிரிஞ்சது 1730 வாக்குலதான். அதுக்கு முன்னாடி எல்லாமே மறவர் சீமை, ராமநாதபுரம் சேதுபதி ஆட்சி. நம்ம கதை நடக்கும்போது ஆட்சியில இருந்தவர் கிழவன் சேதுபதி.

அந்தச் சீமையில ஒரு பாளையத் தலைவர், பேரு தடியத்தேவர். ராமநாதபுரம் அரியணைக்கு எங்களுக்கும் உரிமை இருக்குன்னு சொல்லிட்டிருந்த குடும்பம். இந்த ஒரு விவரத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். அவருக்குக் கடுமையான நோய் வந்தது. வைத்தியம் எதுவும் பலிக்கல. கடைசியா அந்தப் பகுதியில வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு சாமியாருக்கு ஆள் அனுப்பினார்.

அந்தச் சாமியார் போர்ச்சுக்கல் நாட்டுக்காரர். 1647-ல லிஸ்பன்ல, அரசவைக்கு நெருக்கமான ஒரு குடும்பத்துல பிறந்தவர். பேரு ஜான் டி பிரிட்டோ. இயேசு சபைத் துறவி. 1673-ல கோவா வந்து, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். அவருக்கு முன்னாடி 1606-ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தவர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டோ எடுத்தது வேற வழி. பண்டாரசாமிங்கிற கோலத்துல, காவி கட்டி, சைவ உணவு சாப்பிட்டு, எல்லாச் சாதி மக்கள்கிட்டயும் பழகக்கூடிய துறவியா இருந்தார். பேரையும் அருளானந்தர்னு வச்சுக்கிட்டார். பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்குல யோவானை 'அருளப்பர்'னு சொல்வாங்க. அதனால யோவான்ங்கிற பேரு இந்தத் தமிழ்ப் பேருக்குள்ளேயும் இருக்கு.

1686-லேயே மறவர் சீமையில அவரைப் பிடிச்சுச் சித்திரவதை செஞ்சாங்க. சேதுபதி அவரை விடுவிச்சார், ஆனா இனிமே என் நாட்டுல போதிக்கக் கூடாதுன்னு தடை போட்டார். அதனால தடியத்தேவரோட ஆள் வந்தப்போ அருளானந்தர் தானே கிளம்பிப் போகல. ஒரு உபதேசியாரை அனுப்பினார்.

யார் இந்த உபதேசியார்?

இங்க கொஞ்சம் நிக்கணும். தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றுல ரொம்ப முக்கியமானவங்க, ஆனா குறைவா பேசப்பட்டவங்க இந்த உபதேசியார்கள்தான். வேதியர்னும் சொல்வாங்க. உள்ளூர்க்காரர், குடும்பஸ்தர். ஒரு சாமியாருக்குப் பல நாள் நடந்து போற தூரத்துக்கு ஊர்கள் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் அவரால வர முடியும். மத்த நாள்ல ஜெபம் சொல்லிக் கொடுக்கிறது, சாகக் கிடக்கிறவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது, வேதத்துல இருந்து கதை சொல்றது எல்லாமே உபதேசியார் வேலை. பின்னாடி 1711-ல தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர், இவங்களுக்காகவே 'வேதியரொழுக்கம்'னு உரைநடையில ஒரு நூல் எழுதினார். அந்த அளவுக்கு அவங்க தேவைப்பட்டாங்க.

இன்னொன்னும் கவனிக்கணும். அன்னைக்குத் தமிழ்ல அச்சடிச்ச நற்செய்தி கிடையாது. 1578-லேயே கொல்லத்துல ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார், சரி. ஆனா அது 16 பக்க ஜெப, உபதேசப் புத்தகம், பைபிள் இல்ல. புதிய ஏற்பாடு முழுசா தமிழ்ல அச்சேறினது 1715-ல, தரங்கம்பாடியில, லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் மொழிபெயர்ப்புல. அதாவது நம்ம கதைக்கு 22 வருஷம் கழிச்சு. கோயில்ல திருப்பலி லத்தீன்ல. ஆக, சாதாரண மனுஷனுக்கு வேதம்னா அது புத்தகம் இல்ல, ஒரு குரல். அனேகமா உபதேசியாரோட குரல்.

அந்தக் குரல் தடியத்தேவரோட தலைமாட்டுக்குப் போச்சு. உபதேசியார் நோயாளி பக்கத்துல நின்னு நற்செய்தியை வாசிச்சு ஜெபம் பண்ணார், தேவர் குணமானார்னு இயேசு சபை வரலாறுகள் சொல்லுது. குணமானது எப்படிங்கிறதை உங்க நம்பிக்கைக்கே விட்டுடறேன். வரலாற்றுக்காரனா எனக்கு முக்கியம், படுக்கையில இருந்து எழுந்ததுக்கு அப்புறம் அவர் என்ன செஞ்சார்ங்கிறது.

வேறு வழியாகத் திரும்பியவர்

தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே கொடுக்கல. உங்களுக்குப் பல மனைவிகள் இருக்காங்க. கிறிஸ்தவனா ஆகணும்னா ஒரே மனைவியோடதான் வாழணும், அதை யோசிச்சுட்டு வாங்கன்னு சொன்னார். தேவர் ஒத்துக்கிட்டார். ஒருத்தரை வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கினார்.

ஞானஸ்நானம் நடந்தது 1693 ஜனவரி 6, திருக்காட்சித் திருநாள் அன்னைக்கு. ஊர் வழக்குல 'மூணு ராஜாக்கள் திருநாள்'. அன்னைக்கு வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 2-ஆம் அதிகாரம். கிழக்கே இருந்து வந்த ஞானிகள் விண்மீனைப் பார்த்துக்கிட்டே போய் குழந்தையைப் பார்க்கிறாங்க. திரும்பி வரும்போது ஏரோது இருக்கிற பக்கம் போகாம வேற வழியா தங்க நாட்டுக்குப் போயிடறாங்க.

நாம எல்லாரும் இந்தக் கதையில விண்மீனையும் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளத்தையும்தான் ஞாபகம் வச்சிருப்போம். எனக்கு இப்போ அந்தக் கடைசி வரிதான் பெருசா தெரியுது. பார்க்க வேண்டியதைப் பார்த்ததுக்கு அப்புறம், வந்த வழியிலேயே திரும்பிப் போக முடியல. தடியத்தேவருக்கு அன்னைக்கு அந்த வாசகம் எப்படிக் கேட்டிருக்கும்! அவரும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாதே.

ரெண்டு நாள் கழிச்சு, ஜனவரி 8-ஆம் தேதி, அருளானந்தர் கைதானார்.

காரணம், விலக்கப்பட்ட மனைவிகள்ல ஒருத்தங்க சேதுபதியோட உறவுக்காரப் பெண். பேரு கடலாயி. அவங்க நேரா போய் சேதுபதிகிட்ட முறையிட்டாங்க. அருளானந்தரை ராமநாதபுரம் கொண்டு போனாங்க, அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பினாங்க. 1693 பிப்ரவரி 4 அன்னைக்கு அங்க அவரைத் தலை வெட்டிக் கொன்னாங்க. அவர் ரத்தம் பட்டுத்தான் அந்த மண் சிவந்ததுன்னு மக்கள் நம்புறாங்க. இன்னைக்கும் ஓரியூர் போறவங்க அந்தச் செம்மண்ணை எடுத்துட்டு வர்றதைப் பார்க்கலாம். சாதி, மதம் பார்க்காம எடுத்துட்டுப் போறாங்க. 1947-ல ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

கேட்கப் பிடித்த ராஜா

இப்போ இன்னொரு வாசகத்துக்கு வர்றேன். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரம். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏரோது ராஜா தன் சகோதரன் மனைவி ஏரோதியாளைக் கல்யாணம் பண்ணிக்கிறான். இது சரியில்லைன்னு திருமுழுக்கு யோவான் முகத்துக்கு நேரா சொல்றார். அவரைச் சிறையில போடுறாங்க. ராஜாவோட பிறந்தநாள் விருந்துல ஏரோதியாளோட மகள் ஆடுறா. என்ன வேணும்னாலும் கேளுன்னு ராஜா சத்தியம் பண்றான். அவ யோவானோட தலையைக் கேட்கிறா.

ஓரியூரும் இதேதான்னு தோணுதில்ல? கல்யாணம், கண்டிச்ச துறவி, கோபப்பட்ட பெண், அரசன், வெட்டப்பட்ட தலை. துறவி பேரும் யோவான். இந்த ஒப்பீட்டை நான் கண்டுபிடிக்கல. அருளானந்தரைப் பத்திப் பேசுறவங்க ரொம்ப காலமா சொல்றதுதான். கத்தோலிக்க நாள்காட்டியில இது பொதுக்காலம் 4-ஆம் வாரம் வெள்ளிக்கிழமைக்கான நற்செய்தி. 2022-ல அந்த வெள்ளிக்கிழமை சரியா பிப்ரவரி 4-ல வந்தது.

இந்தக் கதையில ஏரோதைப் பத்தி மாற்கு ரெண்டு விஷயம் சொல்றார், அவசரமா படிச்சா தவறிப் போகும். ஒன்னு, யோவான் பேசுறதைக் கேட்க ஏரோதுக்குப் பிடிக்கும். கேட்டுக் குழம்பிப் போவான், ஆனாலும் விரும்பிக் கேட்பான். ரெண்டாவது, தலையைக் கேட்டப்போ அவனுக்கு வருத்தமாத்தான் இருந்தது. ஆனா சத்தியம் பண்ணியாச்சு, விருந்தாளிகள் வேற பார்த்துக்கிட்டிருக்காங்க. அவங்க முன்னாடி பின்வாங்க முடியல.

அந்தக் கொலையோட உடனடிக் காரணம் வெறுப்பு இல்ல. 'நாலு பேர் என்ன நினைப்பாங்க'ங்கிறதுதான்.

மீட்டிங்ல ஒருத்தர் மேல அநியாயமா பழி விழும்போது, நமக்கு உண்மை தெரிஞ்சும் நாம ஏன் வாயைத் திறக்கிறதில்ல? கல்யாணப் பேச்சுல வரதட்சணை அளவு தாண்டிப் போகும்போது, தப்புன்னு தெரிஞ்ச மாமாவும் சித்தப்பாவும் ஏன் தலையைக் குனிஞ்சுக்கிறாங்க? அந்த ஹால்ல நாலு பேர் இருக்காங்க, அதனாலதான். கேட்கப் பிடிக்கிறது வேற, கேட்டபடி நடக்கிறது வேற. பாட்காஸ்ட் கேட்கிற நமக்கும் இது பொருந்தும், பேசுற எனக்கும் பொருந்தும்.

கடலாயி எங்கே நிக்கிறாங்க?

இதோட நிறுத்தினா இது ஒரு சுத்தமான கதை. நல்லவர் ஒருத்தர், திருந்தினவர் ஒருத்தர், பழி வாங்கின பெண் ஒருத்தங்க. ஆனா வரலாறு அவ்வளவு சுத்தமா இருக்காது.

முதல்ல அரசியல். யோவானோட மரணத்தை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் எழுதியிருக்கார். அவர் சொல்ற காரணம் வேற. யோவான் பின்னாடி கூட்டம் சேருது, கலகம் வந்துடுமோன்னு ஏரோது பயந்தான், அதனால கொன்னான்னு சொல்றார். அதே மாதிரி தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கொண்டாடின குடும்பம்னு முதல்லயே சொன்னேன்ல? அப்படிப்பட்ட ஒருத்தர் புது மதத்துக்குப் போறார், பின்னாடி ஆட்களும் போறாங்கன்னா சேதுபதிக்கு அது வெறும் குடும்பத் தகராறா தெரிஞ்சிருக்காது. ரெண்டு கதையிலயும் அரசனோட பயம் பின்னாடி போயிடுச்சு, பழி முழுக்க ஒரு பெண் தலையில வந்து நின்னுச்சு.

அடுத்தது கடலாயியோட இடம். ஒரு நாள் காலையில நீ இனி என் மனைவி இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லியாச்சு. அவங்க தப்பு எதுவும் பண்ணல. அன்னைய வழக்கப்படி முறையா கல்யாணம் ஆனவங்க. புருஷன் கேட்ட வாசகத்தை அவங்க கேட்டாங்களா, அவங்க சம்மதத்தை யாராவது கேட்டாங்களான்னு கேள்வி எழுப்பினா, இந்தக் கதையைச் சொல்றவங்ககிட்ட பதில் கிடைக்கிறதில்ல. ஒரு ஆளோட மனமாற்றத்துக்கு இன்னொரு ஆளோட வாழ்க்கை விலையாப் போச்சு. அருளானந்தர் தன் உயிரைத் தானே கொடுத்தார், அது பெருசு. கடலாயிகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க.

இதைச் சொல்றதால அருளானந்தரோட தியாகம் குறையாது. ஆனா வாசகத்துல இருந்து பாடம் எடுக்கிற யாரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இதுல இருக்கு: எனக்குக் கிடைச்ச பாடத்துக்கு யார் விலை கொடுக்கிறாங்க? 'நான் இனிமே எளிமையா வாழப் போறேன்'னு ஒருத்தர் முடிவு பண்ணி வேலையை விட்டுட்டா, வீட்டு வாடகையை யார் கட்டுறது? 'நான் எல்லாரையும் மன்னிச்சுட்டேன்'னு குடும்பத்துல ஒரு பெரியவர் அறிவிச்சா, உண்மையிலேயே அடிபட்டவங்களை யாராவது கேட்டாங்களா?

ஒரே வாசகம், நடுவில் சுவர்

கேட்டும் மாறாததுக்கு இன்னொரு உதாரணம். இது தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம். 1872-ல அங்க கட்டின கோயிலுக்கு ரெண்டு நீளமான கூடங்கள், முன்னாடி பீடத்துகிட்ட வந்து சேரும். மேலே இருந்து பார்த்தா கால்சட்டை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்த சாதிக்காரங்க மறுபக்கம் உட்கார்ந்த சாதிக்காரங்களைப் பார்க்கக் கூடாதுங்கிறதுக்காகவே அந்த அமைப்பு. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பீடம், ஒரே நற்செய்தி, ஒரே மறையுரை. வருஷக்கணக்கா கேட்டாங்க, சுவர் அப்படியே நின்னுச்சு.

1910-ல திருச்சி ஆயரோட முடிவுப்படி பிரிவினைச் சுவரை இடிச்சாங்க. எங்க உரிமை போச்சுன்னு ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. கோயில்ல சாதிப்படி தனி இடம் கேட்க உரிமை இல்லைன்னு கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தினம் வேதம் கேட்டாலே மனசு தானா மாறிடும்னு யாராவது சொன்னா, நான் வடக்கன்குளத்தைக் காட்டுவேன். அந்தச் சுவர் தானா விழல, யாரோ ஒருத்தர் இடிக்கணும்னு முடிவு பண்ணித்தான் விழுந்தது.

அப்போ எப்படிக் கேட்கிறது?

நம்ம நண்பர் கேள்விக்கு வருவோம். அம்மாவோட வாட்ஸ்அப் வாசகம், இப்போ இருக்கிற வடிவத்துல, ரொம்பப் பழைய வழக்கம் இல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல வழிபாட்டுல தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. 1969-ல புது வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறு வாசகங்கள் 3 வருஷச் சுழற்சி. வார நாள்ல முதல் வாசகம் 2 வருஷச் சுழற்சி, நற்செய்தி மட்டும் வருஷா வருஷம் அதேதான். 1995-ல கத்தோலிக்கரும் மத்த சபையினரும் சேர்ந்து உருவாக்கின பொது மொழிபெயர்ப்பு, 'திருவிவிலியம்', வந்தது. உபதேசியார் குரலுக்காகக் காத்திருந்த ஊர்ல, இப்போ எல்லார் கையிலயும் வாசகம் இருக்கு.

இந்த ஒழுங்குல எனக்குப் பிடிச்சது ஒன்னு: வாசகத்தை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. அன்னைக்கு நாள்காட்டி என்ன கொடுக்குதோ அதுதான். நம்ம ஃபீட்ல நமக்குப் பிடிச்சது மட்டும் வரும். இதுல சில நாள் நமக்குப் பிடிக்காததும் வந்து நிக்கும்.

கேட்கிறதுக்கு ஒரு பழைய முறையும் இருக்கு. இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் ஒரு போர் வீரர். 1521-ல பம்பலோனாவுல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு படுத்துட்டார். பொழுதுபோகப் படிக்கக் கிடைச்சது இயேசுவோட வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும்தான். தடியத்தேவர் மாதிரியே, படுக்கையில கிடந்தப்போ வந்த வாசகம். அதுல இருந்து அவர் உருவாக்கின 'ஆன்மிகப் பயிற்சிகள்' சொல்ற ஒரு வழி: அந்தக் காட்சிக்குள்ள நீங்களே போய் நில்லுங்க. இடத்தைப் பாருங்க, பேச்சைக் கேளுங்க. அதே பயிற்சியில வளர்ந்த வீரமாமுனிவர் 3,615 பாடல்கள்ல புனித சூசையப்பரைப் பாடின 'தேம்பாவணி'யில யூதேயா நாட்டைத் தமிழ் வயலும் சோலையுமா வரைஞ்சிருக்கார். எனக்கு அது அந்தப் பயிற்சியோட தமிழ் வடிவமாத்தான் தெரியுது.

நீங்களும் செஞ்சு பாருங்க. ஏரோது விருந்துக்குள்ள போங்க. ஆனா உடனே யோவான் பக்கத்துல போய் நிக்காதீங்க, அது ரொம்ப சுலபம். விருந்தாளியா உட்காருங்க. தட்டுல சாப்பாடு இருக்கு, ராஜா உங்களைத்தான் பார்க்கிறார். என்ன பண்ணுவீங்க? அப்புறம் எழுந்து, அந்தக் கூடத்துல யார்கிட்ட யாருமே எதுவும் கேட்கலைன்னு பாருங்க.

பாடத்தை அவசரமா எடுக்கவும் வேண்டாம். இங்க ஆத்தங்குடியில டைல்ஸ் செய்யும்போது கண்ணாடி மேல வண்ணச் சிமெண்ட்டை ஊத்தி, அது மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணியில ஊறவிட்டு, காயவைப்பாங்க. பூவேலை இருக்கிற முகம் அதுவரைக்கும் கண்ணாடியோட ஒட்டி அடியிலதான் இருக்கும். காலையில படிச்ச வரியும் சாயங்காலம் பஸ்ல நிக்கும்போது, இல்ல அடுத்த வாரம் ஒரு சண்டைக்கு நடுவுல முகத்தைக் காட்டலாம்.

அதனால நண்பரே, அம்மாகிட்ட நாளைக்குக் காலையில ஒன்னு கேளுங்க: "இன்னைக்கு என்ன வாசகம்?" கீழே இருக்கிற குட்டி கருத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி, உங்க ரெண்டு பேருக்கும் அது எங்க இடிக்குதுன்னு பேசிப் பாருங்க. எதுவுமே இடிக்கலைன்னாலும் பரவாயில்ல, அடுத்த நாளும் வாசகம் வரும்.

ஓரியூர் போனவங்க, இல்ல உங்க வீட்டுல பாட்டனோ பூட்டனோ உபதேசியாரா இருந்திருந்தா, அந்தக் கதையை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.